முட்டுக்கட்டை

எங்கள் பேச்சு வழக்கில் 'முட்டுக்கட்டை' என்ற சொல் நற்பெயர் பெற்றதன்று. நடைபெறவேண்டிய கருமம் ஒன்றை இடையிலே தடுத்து நிற்பவனையே அச்சொல்லாற் சுட்டுகின்றோம். சபைகளிலும் சங்கங்களிலும் ஒருவர் மற்றொருவர்மீது சுமத்தும் குற்றச்சாட்டுக்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் அச்சொல் குறிக்கும் பொருளைக் கண்ணாற் கண்டவர் அதனை அவ்வளவு எளிதில் வசையாக்கிவிட மாட்டார். தேர் ஓடும் வீதியிலே, வடம் பிடிப்போரின் ஆரவாரத்துக்குப் பின்னே, சில்லின் அருகிற் குனிந்து நடந்து, தேர் திரும்பவேண்டிய இடத்திலும் நிற்கவேண்டிய இடத்திலும் சில்லின்கீழ் மரக்கட்டையைச் செருகும் சிலர் உளர். தேரை ஓடச் செய்பவர் ஆயிரம் பேர். நிற்கச் செய்பவர் அந்தச் சிலரே.

கனமான மின்னுபகரணங்களைத் தூக்குதல், நகர்த்துதல், களஞ்சியப்படுத்தல் ஆகியன பற்றிப் பொறியியல் மாணவருக்கு ஆண்டுதோறும் சில மணித்தியாலம் விரிவுரை நிகழ்த்தும் பொறுப்பு நெடுங்காலம் எனக்கு இருந்தது. மாணவர் விரும்பிக் கேட்கும் பாடம் அதுவன்று. மின்னைப் பற்றிக் கற்க வந்தவனுக்கு மின்னோட்டமே இல்லாத ஓர் இரும்புப் பெட்டியைப் பற்றிக் கேட்பதில் என்ன ஆர்வம் இருத்தல் கூடும்? மாணவனாக இருந்தபோது எனக்கும் அதே எண்ணமே இருந்தது. அவ்வெண்ணம் மாறிய நாளைப் பற்றி விரிவுரைகளில் நான் முழுமையாகக் கூறியதில்லை. கூறாமைக்குக் காரணம் வெட்கம். சங்கத்தார் இம்மலருக்குக் கட்டுரை கேட்டபொழுது, இனியாவது அதனை எழுதிவிடுதல் முறையெனத் தோன்றிற்று.

1979ஆம் ஆண்டு. பேராதனையிற் பொறியியல் பயின்றுகொண்டிருந்த நான் தொழிற்பயிற்சியின் நிமித்தம் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்த ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டேன். அதன் பெயர் இங்கு வேண்டுவதில்லை. தொழிற்சாலையும் இன்று இல்லை. அங்கே புதிதாக எழுந்த ஒரு பகுதிக்கு மின் வழங்கும்பொருட்டு, களஞ்சியத்திற் கிடந்த மின்மாற்றி ஒன்றை வெளியே கொணர்ந்து, அதற்கென அமைத்த கொங்கிறீற்று மேடையில் ஏற்றவேண்டியிருந்தது. பாடசாலைப் பௌதிக நூல்கள் நிலைமாற்றி என்று கூறும் பொறியே அது. வெளியே நின்று பார்ப்பவருக்குச் சாம்பல்நிறப் பெட்டி ஒன்றே தெரியும். உள்ளே மெல்லிய உருக்குத் தகடுகளை அடுக்கிய அகணியும், காகிதம் சுற்றிய செப்புச் சுருள்களும், அவற்றை மூழ்கடித்து நிற்கும் எண்ணெயும் உள. அதன் கொள்ளளவு 250 கிலோவோல்ற்று அம்பியர். மொத்த நிறை 1,240 கிலோகிராம் என்றும் அதில் எண்ணெயின் நிறை 280 கிலோகிராம் என்றும் பக்கத்திலிருந்த தகட்டிற் பொறித்திருந்தார்கள். அத்தகட்டை வாசித்தவன் அன்று நான் ஒருவனே என்று நினைக்கின்றேன்.

அங்கு பாரம் நகர்த்தும் குழுவிலே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க தொழிலாளி ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை 'அண்ணை' என்றே அழைத்தோம். அவருடைய ஊர்க் கோயிலிலே தேருக்கு முட்டுக்கட்டை போடும் பணி அவருடைய தந்தையாரிடமிருந்து அவருக்கு வந்தது. நான் போய்ச் சேர்ந்த முதல் இரு வாரங்களிலும் எனக்குக் கிடைத்த உண்மையான பயிற்சி அவரிடமிருந்து கிடைத்ததே. தொங்கும் பாரத்தின்கீழ் உடம்பின் எப்பகுதியும் போகலாகாது. கட்டை வைக்க வேண்டின் அதனைக் கையால் அன்றித் தடியாலே தள்ள வேண்டும். ஆடும் பாரத்தைக் கையாற் பிடித்து நிறுத்த முயலாது கயிறு கட்டித் தூர நின்று வழிநடத்த வேண்டும். நிலத்தைவிட்டு ஒரு விரற்கடை எழுந்ததும் நிறுத்தி, வடம், காது, கொளுக்கி மூன்றையும் பார்த்த பின்னரே மேலே உயர்த்த வேண்டும். இவற்றோடு அவர் கூறிய மற்றொன்று என் மனத்திற் பதிந்தது.

"தம்பி, 'தூக்கு', 'இறக்கு' எண்டு சொல்லுறது ஒராள்தான். ரண்டு பேர் சொன்னால் வேலை குழம்பிப் போம். ஆனால் 'நிப்பாட்டு' எண்டு ஆர் சொன்னாலும் நிப்பாட்ட வேணும். தேத்தண்ணி கொண்டுவாற பொடியன் சொன்னாலும் நிப்பாட்ட வேணும். ஏன் எண்டு பிறகு கேக்கலாம்."

இனி, மின்மாற்றி கிடந்த இடத்தைப் பற்றிக் கூறவேண்டும். ஏனெனில் விபத்து அங்கேதான் ஆரம்பித்தது. அதனை இறக்கியவர்கள் அன்றைய வசதியை மாத்திரம் கருதிக் களஞ்சியத்தின் கோடியிலே, தாழ்வாரத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போயினர். கீழே கட்டைகள் இல்லை. அடிப்பாகம் வெறும் நிலத்திற் பதிந்திருந்தது. இரண்டு மாரி அதன்மீது சாரலடித்துப் போயிற்று. அதற்கு முன்னாற் பின்னர் வந்த பொருள்களை அடுக்கினார்கள். அடி நிலத்தோடு ஒட்டியிருந்தமையால் உருளைகளைச் செருக இடமில்லை. கூரை தாழ்ந்திருந்தமையால் மேலே தூக்க உயரமில்லை. முன்னே பொருள்கள் நின்றமையால் மனிதர் விலகி நிற்க வெளியுமில்லை. பாரத்தை வைக்கின்ற நாளிலேயே அதனை எடுக்கப்போகும் நாளையும் நினைக்க வேண்டும் என்பதை இன்று மாணவருக்கு ஒரு வாக்கியத்திற் கூறிவிடுகின்றேன். அன்று அது எவர் நினைவிலும் இருக்கவில்லை.

செய்யவேண்டியிருந்த வேலை பெரிதன்று. மின்மாற்றியை ஒரு சாண் உயர்த்தினாற் போதும். கீழே இரும்புக் குழாய்களை உருளைகளாக இட்டு அலவாங்கினால் நெம்பி வெளியே உருட்டிவிடலாம். இதற்காக மூன்று கால் கொண்ட இரும்பு முக்காலி ஒன்றைத் தாழ்வாரத்தின்கீழ் நிறுத்தி அதிலே செயின் புளொக்கைத் தொங்கவிட்டார்கள். தாங்கியின் இருபக்கமுமுள்ள தூக்குக் காதுகளில் ஓர் உருக்குக் கம்பி வடத்தின் இரு தலைப்புக்களையும் மாட்டி, நடுப்பகுதியைக் கொளுக்கியில் இட்டார்கள். வடம் நீளமாக இருந்தபடியாற் கொளுக்கியில் ஒரு சுற்றுச் சுற்றிக் குறுக்கினார்கள்.

காதுகளுக்கிடையே உள்ள தூரம் 120 சென்ரிமீற்றர். கொளுக்கிக்கும் காதுகளின் மட்டத்துக்கும் இடையே கிடைத்த உயரம் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். உயர்தர வகுப்பிலே பிரயோக கணிதம் படித்த எவனும் இதனைக் கண்டவுடன் கணிக்கலாம். நான் கொப்பியை எடுத்துக் கணித்தேன். வடத்தின் இரு பகுதிகளும் கிடையோடு 30 பாகைக் கோணம் அமைத்தன. அக்கோணத்தில் ஒவ்வொரு பகுதியிலும் உள்ள இழுவை பாரத்தின் அரைவாசியன்று. முழுப் பாரத்துக்கும் சமம். இரண்டு பேர் சேர்ந்து சுமக்கும்போது ஒவ்வொருவரும் முழுச் சுமையையும் சுமப்பது போன்றது அது. கோணம் 60 பாகையாயின் ஒவ்வொன்றும் 716 கிலோகிராம் சுமக்கும். 45 பாகையாயின் 877. 30 பாகையாயின் 1,240. அவ்வடத்துக்கு விதித்திருந்த பாதுகாப்பான பாரம் ஒரு தொன். 60 பாகைக் கோணம் வேண்டின் கொளுக்கி காதுகளுக்கு மேல் 104 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்திருக்க வேண்டும். கூரை அதற்கு இடம் தரவில்லை.

புதிய வடமாயின் இந்த மிகையை ஒருவேளை தாங்கியிருக்கும். பாதுகாப்பான பாரத்தைப் போல ஐந்து மடங்கில் அறுமாறு வடங்களைத் தெரிவுசெய்தலே பொதுவான வழக்கு. ஆனால் அந்த ஐந்து மடங்கு, துருவுக்கும் தேய்வுக்கும் அதிர்ச்சிக்கும் எம் அறியாமைக்குமாகச் சேமித்து வைத்த முதல். அவ்வடத்திலே துருவும் இருந்தது. அறுந்த கம்பிகள் முட்களைப்போல நீட்டிக்கொண்டும் இருந்தன. சுற்றிக் குறுக்கிய இடத்திலே மடிப்பு விழுந்திருந்தது. தாங்கியின் மேல்விளிம்பில் வடம் உராய்ந்த இடத்திற் சாக்கோ பலகையோ வைக்கவில்லை. சேமிப்பு முழுவதையும் வேறு எவரோ முன்னமே செலவழித்துவிட்டனர்.

அண்ணை கொப்பியில் எதனையும் எழுதவில்லை. தலையை நிமிர்த்தி வடத்தைப் பார்த்தார். பின்பு மேற்பார்வை செய்த பொறியியலாளரிடம் சென்றார்.

"ஐயா, வடம் நல்லாப் படுத்துப்போய்க் கிடக்குது. படுத்த வடம் பாரம் தாங்காது. ஜக்கு வைச்சு எழுப்புவம். கொஞ்சம் எழுப்ப ஒரு கட்டை, இன்னும் கொஞ்சம் எழுப்ப இன்னொரு கட்டை. பின்னேரத்துக்கிடையிலை முடிச்சுப்போடலாம்."

பொறியியலாளர் கொடியவரல்லர். மதியத்துக்கு முன் லொறி திரும்பிப் போகவேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தவாறே, "எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடாதை, வேலையைப் பார்" என்றார்.

அண்ணை திரும்பி நடந்தார். நடக்கையில் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். என் கையிற் கொப்பி இருந்தது. கொப்பியில் 1,240 என்ற எண்ணும் இருந்தது. அடியிற் கோடிட்டும் இருந்தேன். நான் பேசவில்லை. பயிற்சி முடிவில் எனக்கு அறிக்கை எழுதப்போகின்றவர் அப்பொறியியலாளர் என்பதை நினைத்தேன். அனுபவசாலிக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது என்றும் நினைத்தேன். இவ்விரண்டனுள் எது உண்மையான காரணம், எது அதற்கு இட்ட போர்வை என்பதை நான் அன்றே அறிவேன்.

சங்கிலியை இழுக்கத் தொடங்கினார்கள். பாரம் விரற்கடை எழுந்தது. வழக்கப்படி நிறுத்திப் பார்க்கவில்லை, இழுப்பு ஓயவேயில்லை. அண்ணை சிலிப்பர்க் கட்டைகள் இரண்டை இழுத்துவந்தார். எவரும் சொல்லாமலே, பாரம் எழ எழ அதன்கீழ் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகலானார். தடியாலே தள்ளுவதற்கு ஒரு கண நேரம் பாரம் அசையாது நிற்க வேண்டும். நில்லாது எழுந்துகொண்டிருந்த பாரத்தின்கீழ் இரண்டாவது கட்டையை அவர் கையாலே நேர்ப்படுத்தினார். தாம் ஊருக்குச் சொன்ன விதியை அன்று அவரே மீறினார். பக்கத்திலே உருளைகளோடு குந்தியிருந்த இரண்டு இளைஞரின் கால்கள் பாரத்தின் அடிக்குள் நீண்டிருந்ததை அவர் கண்டிருந்தார் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது.

வடத்தின் ஒருபக்கம் அறுந்தது. பெருஞ்சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. சாட்டை வீசியது போன்ற ஓர் ஒலி, அடுத்துத் தாங்கி கட்டைமேல் விழுந்த ஒலி. சரிந்த பாரம் கட்டையில் தங்கிற்று; ஒரு கையகல ஆழத்துக்குமேல் விழவில்லை. இளைஞரின் கால்கள் தப்பின. அண்ணையின் வலக்கை விரல்கள் மூன்று தப்பவில்லை.

நான்கு நாள் கழித்து வைத்தியசாலைக்குச் சென்றேன். கட்டுப்போட்ட கையை நெஞ்சின்மீது வைத்தபடி படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்க முயன்றார். சிறிது நேரம் பிற விடயங்களைப் பேசியிருந்து பின்பு கேட்டார்:

"தம்பி, அண்டைக்குக் கொப்பியிலை ஏதோ எழுதிக்கொண்டு நிண்டீங்கள். என்ன எழுதினீங்கள்?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோணத்தையும் கணக்கையும் விடையையும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப நான் சொன்னதும் நீங்கள் எழுதினதும் ஒண்டுதான்" என்றார். சிறிது பொறுத்து, "அதை வாயாலை சொல்லியிருக்கலாமே தம்பி. நான் சொன்னால் முட்டுக்கட்டை. நீங்கள் சொன்னால் அது கணக்கு. கணக்கைக் கேட்டிருப்பார்" என்றார்.

அவர் குரலிற் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மின்மாற்றியைப் பின்னர் அவர் கூறிய முறைப்படியே ஜக்கு வைத்து எழுப்பினார்கள். சிறிது உயர்த்தி ஒரு கட்டை, மேலும் உயர்த்தி மற்றொரு கட்டையென, எந்நேரமும் பாரம் கட்டையிலிருந்து விரற்கடைக்கு மேல் உயராதபடி நடந்த அவ்வேலை மூன்று மணித்தியாலத்தில் முடிந்தது. மூன்று மணித்தியாலத்தை மீதப்படுத்த முயன்றதற்கு மூன்று விரல்கள் விலையாயின. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே எமது நாட்டில் உண்டு. இழந்த ஒவ்வோர் உறுப்புக்கும் உழைக்கும் ஆற்றலின் எத்தனை வீதம் குறைந்ததாகக் கொள்ள வேண்டும் என்று அதில் ஓர் அட்டவணை உளது. விரல்களுக்குரிய வரிகளை அன்று தேடி வாசித்தேன். தேரின் முட்டுக்கட்டையைப் பிடித்த விரல்களுக்கெனத் தனி வரி அதில் இல்லை.

விழுந்த மின்மாற்றியை அப்படியே இணைத்தல் இயலாது. மூடியைத் திறந்து, அகணியையும் சுருள்களையும் வெளியே தூக்கிப் பார்த்தார்கள். மூடியின் மேலுள்ள சிறு காதுகள் அவ்வேலைக்கே உரியவை. அவற்றைப் பிடித்து எண்ணெயோடு கூடிய முழுப் பொறியையும் தூக்குதல் பெருந்தவறு. பீங்கான் காவலிகளையோ குளிர்விக்கும் குழாய்களையோ பிடித்துத் தூக்குதல் அதனினும் பெருந்தவறு. சுருள்களை இறுக்கும் ஆணிகள் சில தளர்ந்திருந்ததைத் தவிர வீழ்ச்சியாற் சேதமில்லை. சேதம் வேறு வழியால் முன்னமே வந்திருந்தது. மின்மாற்றி சுவாசிக்கும் பொறி. வெப்பத்தால் எண்ணெய் விரிந்து சுருங்கும்போது வெளிக்காற்று உட்சென்று மீளும். அக்காற்றின் ஈரத்தைப் பிடிக்கவே சிலிக்கா மணிகள் நிறைந்த குப்பியொன்றைப் பூட்டுவர. உலர்ந்திருக்கையில் நீலமாகவும் நனைந்தபின் இளஞ்சிவப்பாகவும் நிறம் மாறும் மணிகள் அக்காலத்தில் வழக்கிலிருந்தன. எங்கள் குப்பியில் நீலம் ஒரு மணியிலும் இல்லை. எண்ணெயும் காகிதமும் ஈரத்தைக் குடித்திருந்தன. காவலித் தடை தாழ்ந்திருந்தது. எண்ணெயைச் சூடாக்கி வடிகட்டி உலர்த்திய பின்னரே அதனை இணைக்க முடிந்தது. புதிய பகுதி பல நாள் தாமதித்தே இயங்கிற்று. லொறிக்காக அவசரப்பட்ட மதியவேளை எவருக்கும் எந்நேரத்தையும் மிச்சப்படுத்தவில்லை.

என் பயிற்சியின் இறுதி மாதத்தில் அண்ணை இலேசான வேலைக்கெனக் களஞ்சியத்துக்குத் திரும்பினார். அவருடன் சேர்ந்து அக்களஞ்சியத்தை ஒழுங்குபடுத்தும் அனுமதியைக் கேட்டுப் பெற்றேன். கனமான ஒவ்வொரு பொருளையும் சமதளத்தில், சிலிப்பர்க் கட்டைகளின்மேல், அடியில் உருளையும் ஜக்கும் செல்லுமளவு இடைவெளிவிட்டு வைத்தோம். முன்னே பாதை ஒன்றை வெறுமையாக விட்டோம். பாரமானவை கீழே, இலேசானவை மேலே. மோட்டர்களின் தண்டுகளை மாதத்துக்கொருமுறை கையாற் சுழற்றி, முன்னிருந்த நிலையினின்றும் மாற்றி விடும்படி ஒரு பதிவேடு தொடங்கினோம். அசையாதிருக்கும் போதகைகளில் குண்டுகள் ஒரே இடத்தை அழுத்தித் தழும்பாக்கும். கேபிள் உருளங்களைப் படுக்க வைக்காது விளிம்பில் நிறுத்தி, இருபக்கமும் கட்டை கொடுத்தோம். உருட்டும்போது பக்கப்பலகையிலுள்ள அம்புக்குறியின் திசையிலேயே உருட்ட வேண்டும், இன்றேற் சுற்றுக்கள் தளரும். ஒவ்வொரு பொருளின்மீதும் அதன் நிறையை வெள்ளை நிறத்தில், தூரத்திலிருந்து வாசிக்கக்கூடிய பெரிய இலக்கங்களில் எழுதினேன். எழுதும்போது அண்ணை இடக்கையால் நிறப் பேணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மின்மாற்றியின் பக்கத்தில் 1,240 என்று நான் எழுதியதும், "இப்ப எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

தூக்கும் கருவிகளைத் தகுதியுடையோர் காலத்துக்குக் காலம் பரிசோதிக்க வேண்டும் என்பதற்கு 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் இருந்தது. எங்கள் வடம் அறுந்து இரண்டு ஆண்டுகளின் பின், 1981இல், சர்வதேசத் தொழில் தாபனம் தனது 155ஆவது சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. உயிருக்கோ உடலுக்கோ உடனடியான பேராபத்து உண்டென்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகிய தொழிலாளியைத் தண்டனையிலிருந்து காக்க வேண்டும் என்று அது கூறுகின்றது. 2022ஆம் ஆண்டிலே அச்சமவாயம் அடிப்படைச் சமவாயங்களுள் ஒன்றாக உயர்த்தப்பட்டது. அதனை முதன்முதலில் வாசித்தபோது, தேத்தண்ணீர் கொண்டுவரும் பையன் சொன்னாலும் நிறுத்த வேண்டும் என்ற வார்த்தையையே நான் நினைத்தேன். ஆனால் சட்டம் வாயைக் கட்டாதிருக்கச் செய்யலாம். வாயைத் திறக்கச் செய்தல் அதற்கு இயலாது. அன்று என் வாயைக் கட்டியவர் எவருமிலர்.

அதனால் ஆய்வுகூடத்திலே பாரம் தூக்கும் செய்முறைகளுக்கு நான் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினேன். கட்டளையிடுபவர் ஒருவர்; ஆயின் குழுவில் வயதிற் குறைந்த மாணவருக்கு ஒரு கடமை உண்டு. பாரம் எழும்போது ஒரு தடவையேனும், காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் 'நிறுத்து' என்று கூறவேண்டும். ஏனையோர் உடனே நிறுத்தி, பாரத்தைக் கட்டையில் இறக்கிய பின்னரே காரணம் கேட்க வேண்டும். முதல் வாரத்தில் அச்சொல் எவர் வாயிலிருந்தும் எளிதில் வருவதில்லை. வந்தாலும் அருகில் நிற்பவருக்கே கேளாது. கோணத்தைக் கணிப்பதில் ஒருவரும் பிழை விடுவதில்லை. அச்சொல்லைச் சொல்லத்தான் பழக வேண்டியிருக்கின்றது.

பயிற்சி முடிந்த அடுத்த ஆண்டு அண்ணையின் ஊர்த் தேருக்குப் போயிருந்தேன். வலக்கையின் எஞ்சிய இரு விரல்களாலும் இடக்கையாலும் கட்டையின் நீண்ட பிடியைப் பற்றிக்கொண்டு சில்லோடு நடந்தார். தெற்கு வீதி திரும்பும் முனையில் அவர் கையை உயர்த்தினார். வடத்தைப் பிடித்திருந்த அத்தனை பேரும் நின்றார்கள். அவர்களுள் நானும் ஒருவன்.